மாப்பிள்ளை வீட்டார்

கசூபா இல்லம், லுசாக்கா
11 பிப்ரவரி 2003

அன்புள்ள முபாங்கா அண்ணனுக்கு,

தங்கை லோம்பே முழங்காலிட்டுக் கைதட்டி வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். மழைக்காலத்தில் உங்கள் முதுகுவலி ஏறுமே, இந்த வருஷம் எப்படி?

உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு வந்த பிறகு நான் எழுதவே இல்லை. பதில் எழுதுவதென்றால் எந்த முகவரிக்கு எழுதுவீர்கள்? இப்போது எனக்கு ஒரு முகவரி இருக்கிறது. மேலே இருப்பதுதான். வாசலுக்குப் பக்கத்தில் கடிதம் போடப் புறாக்கூடு மாதிரிப் பலகைத் தடுப்புகள், அதில் ஒன்றில் என் பெயர். தொலைந்த அடையாள அட்டையும் மறுபடி கிடைத்துவிட்டது. போட்டோவில் நான் யாருக்கோ தண்டனை கொடுக்கப்போகிறவள் போல இருக்கிறேன்.

தையல் கற்றுக்கொண்டு பள்ளிச் சீருடை தைக்கிறேன். காலர் மட்டும் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. என் கணவர் இறந்த மறுவாரமே வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போன அவருடைய அண்ணன் தம்பிகளைப் போன வாரம் சந்தையில் பார்த்தேன். அவர்கள்தான் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் தக்காளி பேரம் பேசிக்கொண்டிருந்தேன், நிறுத்தவில்லை.

அண்ணிக்கும் என் வணக்கம்.

கண்ணால் உங்களைக் காணக் காத்திருக்கும்
லோம்பே

&nbsp;

கசாமா
2 மார்ச் 2003

அன்புத் தங்கை லோம்பேக்கு,

அண்ணன் முபாங்கா ஆசீர்வதித்து எழுதுவது. முதுகு அப்படியே இருக்கிறது. ரயில்வேயில் கார்டாக இருந்தபோது ஆடிய ஆட்டம் ஓய்வுபெற்ற பிறகும் நிற்கவில்லை.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைப் பிரிக்காமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷம் ஆயிற்றே. நல்ல இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது போலிருக்கிறது. சம்பளம் மாதாமாதம் ஒழுங்காகத் தருகிறார்களா? யாருடைய வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லிப் போனாயோ, அந்தத் தோழி சௌக்கியமா? அவளுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இங்கே மழை பிந்திவிட்டது. சோளம் இடுப்பளவுதான். எஸ்நாத் அண்ணி நலம். உன் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
முபாங்கா

&nbsp;

கசூபா இல்லம், லுசாக்கா
20 மார்ச் 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

லோம்பேயின் வணக்கம். இங்கே எல்லாரும் சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் இங்கே வேலை பார்ப்பவள் அல்ல, இங்கே வருகிறவள். வீடில்லாதவர்கள் பகலில் வந்து குளிக்க, துவைக்க, சாப்பிட, ஒரு தொழில் பிடித்துக்கொள்ள நடத்தும் இடம் இது. பொழுது விடிந்ததும் திறப்பார்கள், நாலு மணிக்குப் பூட்டுவார்கள். அதனால்தான் கசூபா, வெயில், என்று பெயர். நடத்துகிறவர் நாலுமினோ அம்மா. லோசி இனத்துக்காரி, குரல் ரயில் ஹாரன் மாதிரி. முதல் நாள் நான் வாசலிலேயே அழுதபோது, "அழறதுன்னா குளிச்சிட்டு அழும்மா. தண்ணி சீக்கிரம் நின்னுடும்" என்றார். குளித்துவிட்டு வந்தேன். அழுகையை மறந்துவிட்டேன்.

இங்கே முடிவெட்டுகிறவர் யோனா கபாசோ. அவரும் என்னைப்போல வந்தவர்தான். இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டிருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் இங்கே வந்து சும்மா வெட்டிவிடுகிறார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"இந்தத் தலைய யாரும்மா வெட்டினது? கேஸ் போடலாம்."

"நானேதான் வெட்டிக்கிட்டேன்."

"அப்ப கேஸ் நிக்காது. உக்காரு."

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். எனக்குச் சம்மதம். ஆனால் ஓடிப்போன பெண்போல இல்லாமல், முறைப்படி உங்களிடம் ஆள் அனுப்பிக் கேட்க விரும்புகிறார். அனுப்பலாமா?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
லோம்பே

&nbsp;

கசாமா
14 ஏப்ரல் 2003

அன்புத் தங்கை லோம்பேக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். காலையில் திறக்கிறார்கள், நாலு மணிக்குப் பூட்டுகிறார்கள் என்கிறாய். உன் இரண்டு கடிதங்களிலும் பகல்தான் இருக்கிறது. நாலு மணிக்குப் பிறகு எங்கே போகிறாய்? அந்தத் தோழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

அந்த மனிதரைப் பற்றி. எந்த ஊர்? தாய்மாமன் யார்? பெண் கேட்டு வருகிறவன் பின்னால் நாலு பேர் நிற்க வேண்டும். நாளைக்கு உனக்கு ஒரு குறை என்றால் நான் யார் வீட்டு வாசலில் போய் நின்று கேட்பது? ஒருமுறை உன்னைக் கேட்டு வந்தவர்களுக்கு ஆள் பலம் நிறைய இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இரட்டிப்பாய்க் கேட்கிறேன்.

கோபத்தில் எழுதவில்லை.

முபாங்கா

&nbsp;

கசூபா இல்லம், லுசாக்கா
1 மே 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

லோம்பேயின் வணக்கம். குளிர் தொடங்கிவிட்டது, முதுகுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள்.

இரவைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே ஒரு தடவை சொல்கிறேன். தோழி என்று யாரும் இல்லை. சொவேதோ சந்தையில் முட்டைக்கோஸ் விற்கும் கொட்டகைக்கு அடியில், வேறு சில பெண்களோடு படுத்தேன். மழை வந்தால் கோணியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மறுபடி விடிந்துவிடும், நாலுமினோ அம்மா கதவைத் திறந்துவிடுவார். இப்போது அதெல்லாம் முடிந்தது. தையல் காசில் நானும் இன்னும் இரண்டு பெண்களும் சாவாமாவில் ஓர் அறை எடுத்திருக்கிறோம். கூரையுண்டு, தாழ்ப்பாளுண்டு. உங்கள் வீட்டிலிருந்து ஏன் கிளம்பினேன் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

கபாசோவுக்குச் சொந்த ஊர் லுவிங்கு பக்கம், ஏரிக்கரை. லாரியில் கிளீனராக இருந்தார். காசநோய் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே வந்தபோது வாடகை அறையில் வேறு யாரோ இருந்தார்கள், மனைவி அவரை விட்டு வேறு ஊர் போயிருந்தாள். தாய் தகப்பன் இல்லை. தாய்மாமனும் இல்லை. நோய் முழுக்கக் குணமாகி மூன்று வருஷம் ஆகிறது, ஆஸ்பத்திரிச் சீட்டை நானே வாங்கிப் பார்த்தேன். இப்போது நான் சுமக்க முடியாத தண்ணீர்க் குடத்தை அவர் சுமக்கிறார்.

உங்கள் கேள்வியை இங்கே முற்றத்தில் எல்லார் முன்னாலும் படித்தேன். நாலுமினோ அம்மா எழுந்து, "கபாசோவுக்கு ஆளு யாரு?" என்று கேட்டார். அத்தனை பேரும் கை தூக்கினார்கள்.

"ஆளுன்னா கை தூக்கறதில்ல. கசாமா வரைக்கும் போய், முட்டி போட்டு உக்காந்து, அவங்க திட்டறத வாங்கிக்கணும்."

பாதிக் கைகள் இறங்கிவிட்டன. ஜெரே பெரியவர் மட்டும் கையை இறக்கவில்லை. பஸ் நிலையத்தில் மூட்டை ஏற்றுகிறவர், இங்கே மதியச் சாப்பாட்டுக்கு வருவார். அங்கோனிக்காரர். அவர்கள் இனத்துக்கும் நம் பெம்பா இனத்துக்கும் பழைய கேலி முறை உண்டல்லவா, நம்மைக் கேலி பண்ணாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"நான் போறேன். குரங்கு திங்கற பெம்பாக்காரங்ககிட்ட திட்டு வாங்கறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல" என்றார்.

"எலி திங்கறவங்களுக்கு எங்க வீட்டுல சாப்பாடு கிடையாது" என்றேன்.

"சாப்பிடவா போறேன்? பொண்ணு கேக்கப் போறேன்."

ஜூன் மாதம் பெண் கேட்கும் தட்டோடு வருவார். வெள்ளைத் துணி போட்டு மூடித்தான் கொண்டுவருவார், முறை தவற மாட்டார்; சம்மதமென்றால் நீங்கள் துணியை நீக்கித் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை
லோம்பே

&nbsp;

கசூபா இல்லம், லுசாக்கா
6 ஜூலை 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா என்று தெரியவில்லை, தெரிவிக்கவும் இல்லை.

ஜெரே திரும்பி வந்துவிட்டார். நீங்கள் ஊரிலேயே இல்லையாம். எங்கே போனீர்கள் என்று அண்ணிக்கும் தெரியாதாம். "பொண்ணோட அண்ணன் ஓடிப்போய்ட்டான், பொண்ணு மட்டும் நிக்குது. இந்த மாதிரி கல்யாணம் நான் பாத்ததே இல்ல" என்று ஜெரே முற்றம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார். அண்ணி அவருக்குச் சோளக்களியும் கருவாடும் போட்டு, படுக்கப் பாய் கொடுத்து, கபாசோவைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாராம். தட்டைத் தொடவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாராம்.

அதற்கு என்ன அர்த்தம் அண்ணா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல அண்ணிக்குத் தெரியாதா? என்னை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்ததே.

நான் கெஞ்சவில்லை. நீங்கள் தட்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் செப்டம்பரில் எனக்குக் கல்யாணம். எடுத்தால் தலை நிமிர்ந்து நடப்பேன். எடுக்காவிட்டாலும் நடப்பேன், கொஞ்சம் மெதுவாக.

லோம்பே

&nbsp;

கசாமா
20 ஜூலை 2003

அன்புத் தங்கை லோம்பேக்கு,

அண்ணனின் ஆசிகள். உடம்பு சுகம். கால்தான் வலிக்கிறது, காரணம் சொல்கிறேன்.

ஜெரே இங்கே வந்த சமயத்தில் நான் லுசாக்காவில் இருந்தேன். சொந்தக் கண்ணால் பார்க்காமல் தங்கையைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. சொல்லிவிட்டு வந்தால் எல்லாரும் நல்ல சட்டை போட்டுக்கொள்வார்கள். அதனால் சொல்லாமல் வந்தேன்.

கபிரி வரை ரயில், அங்கிருந்து லாரியின் பின்னால் ஏறி வந்தேன். உங்கள் வாசலுக்கு வந்தபோது தலைமுதல் கால்வரை செம்மண். "இங்கே லோம்பே..." என்று ஆரம்பிப்பதற்குள் ஒரு பெண் என் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டாள். "புது ஆளா? மொதல்ல டீ. அப்புறம் குளியல். கதையெல்லாம் பெறகு சொல்லலாம்." கையில் டீயும் பன்னும் வந்துவிட்டன. முப்பது வருஷம் ரயிலில் கார்டாக டிக்கெட்டும் கேட்டவன் நான். என்னிடம் அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ பள்ளிக்கூடத்துக்குச் சீருடை கொடுக்கப் போயிருக்கிறாய் என்று பக்கத்தில் இருந்தவர்களின் பேச்சிலிருந்து தெரிந்தது. நல்லதாயிற்று என்று நான் யாரென்று சொல்லாமல் இருந்துவிட்டேன்.

குளித்து வந்ததும், "கபாசோ! இந்தத் தாடிய கவனி!" என்று யாரோ கத்தினார்கள். இப்படித்தான் உன் மாப்பிள்ளையின் கையில் என் கழுத்தைக் கொடுத்தேன்.

நல்ல கை. நடுங்கவில்லை. என்ன குலம் என்று கேட்டேன்.

"காளான் குலம் பெரியவரே. மழை பெஞ்சா முளைப்போம். நடுவுல கொஞ்ச நாள் காஞ்சு கிடந்தேன்."

"இப்ப மழையா?"

"தூறுது. பொண்ணு கேட்டு ஆள் அனுப்பியிருக்கேன். பொண்ணோட அண்ணன் ரயில்வே கார்டு. அவரு பச்சைக்கொடி காட்டினாத்தான் நம்ம வண்டி கெளம்பும்."

"காட்டலைன்னா?"

கத்தியைத் துடைத்தான்.

"மறுபடியும் ஆள் அனுப்புவேன். அவரு மேல தப்பில்ல பெரியவரே. என்னைய மாதிரி ஒருத்தன் வந்து என் தங்கச்சியக் கேட்டா நானும் பத்து தடவ யோசிப்பேன். ஆனா பதினோராவது தடவ குடுத்துடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அசையாதீங்க, காது போயிடும்" என்றான்.

அதன் பிறகு நாலுமினோ அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?" என்று கேட்டார். ரயிலில் என்றேன். "நாளைக்கு?" என் வீட்டில் என்றேன். "வீடு இருக்கா? அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார். இதே கேள்வியை அதே நாற்காலியில் வைத்து உன்னிடமும் கேட்டிருப்பார்கள். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உன்னைப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நேரே வீட்டுக்கு வரவில்லை. லுவிங்கு போய், ஏரிக்கரை ஊர்களில் அவனுடைய ஆட்களைத் தேடி நடந்தேன். கால்வலிக்குக் காரணம் அதுதான். அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உண்மையிலேயே யாரும் மிச்சமில்லை. வீடிருந்த இடத்தில் வேறொருவர் மரவள்ளி போட்டிருக்கிறார்.

திரும்பி வந்து, யாருமில்லாவிட்டால் போகிறது என்று தட்டை எடுக்கக் குனிந்தேன். "கை வைக்காதீங்க" என்றாள் அண்ணி. ஏன் என்றால் சொல்லமாட்டேன் என்கிறாள். "லோம்பேக்கு நானே எழுதிக்கறேன்" என்கிறாள். எழுதுவாளா, எப்போது எழுதுவாள், தெரியவில்லை. இந்த வீட்டில் சில சிக்னல்கள் என் கையில் இல்லை.

அன்புள்ள அண்ணன்
முபாங்கா

&nbsp;

கசூபா இல்லம், லுசாக்கா
3 ஆகஸ்டு 2003

அண்ணா,

வணக்கமெல்லாம் அப்புறம். வந்து, குளித்து, தாடி எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனீர்களா! ஒரு நாள் முழுக்க உங்கள் மேல் கோபமாக இருந்தேன். கபாசோவிடம் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவரு கழுத்துல கத்திய வச்சுக்கிட்டா அவ்வளவும் பேசினேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரித்ததில் என் கோபம் போய்விட்டது.

அண்ணி எழுதட்டும். எழுதாமலும் இருக்கட்டும். அவர் வீட்டில் மூன்று மாதம் சாப்பிட்டேன், அதை மறக்கவில்லை. கடைசி நாளில் என் காதில் விழுந்ததையும் மறக்கவில்லை. நான் அவரிடம் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இங்கே வேலை நடக்கிறது. செப்டம்பர் இறுதிச் சனிக்கிழமை, முற்றத்திலேயே. நாலுமினோ அம்மா அன்று மட்டும் நாலு மணிக்குப் பூட்டமாட்டாராம். யாருக்கும் நம்பிக்கை இல்லை.

உங்கள் கால் தேறட்டும்.

லோம்பே

&nbsp;

கசாமா
19 ஆகஸ்டு 2003

லோம்பேக்கு,

எஸ்நாத் எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய். நான் இருக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

கடைசி நாளில் உன் காதில் விழுந்ததை நான்தான் சொன்னேன். 'புருஷன் வீட்டையும் காப்பாத்திக்கத் தெரியல, இப்ப என் வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கா' என்று. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன், நீ சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது தெரியாது. தெரியாது என்பதால் சொன்னது இல்லை என்று ஆகிவிடாது. நீ தோழி வீட்டுக்குப் போவதாகச் சொன்னபோது, அப்படி ஒரு தோழி கிடையாது என்று எனக்குத் தெரியும். பெண்ணுக்குப் பெண் தெரியாதா? ஆனாலும் உனக்கு வழிக்குக் கடலை வறுத்துக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். தோழி இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது உன் அண்ணனுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.

இப்போது தட்டு விஷயம். உன் அண்ணன் லுவிங்குவிலிருந்து வந்து, "அவனும் காளான் குலமாம், உன் கூட்டம்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. என் அம்மா காளான் குலம், அவள் அம்மா காளான் குலம், நானும் அதுதான். அப்படியானால் அவன் என் தம்பி. ஆளில்லை ஆளில்லை என்று இவர் காடெல்லாம் நடந்து தேடியிருக்கிறார், ஆள் இவருக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள்.

என் தம்பி வீட்டுத் தட்டை ஓர் அங்கோனிக்காரர் ஒற்றையாகத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போக, அதை இவர் சும்மா குனிந்து எடுத்துக்கொள்வதா? விடவில்லை. துணியை வெளுத்துக் காயவைத்து மறுபடி மூடினேன். சனிக்கிழமை காலையில் தட்டோடு பின்வாசல் வழியாக வெளியே போனேன். வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து, உன் அண்ணன் முன்னால் முழங்காலிட்டுக் கைதட்டினேன்.

"யாரு?" என்றார். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து வந்திருக்கோம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்க் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பையன் என்ன பண்றான்?" என்றார். சொன்னேன். "பொண்ணுக்கு ஒரு கொறைன்னா நான் யார் வாசல்ல வந்து நிக்கறது?" என்றார். "என் வாசல்ல நில்லுங்க. வீடு உங்களுக்குத் தெரியும்" என்றேன். பரிசத்துக்குப் பேரம் பேசினோம் பார், உச்சிவெயில் வரை. உன் அண்ணன் பிடிவாதக்காரர், நான் அதைவிட. அக்கம்பக்கமெல்லாம் வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள். கடைசியில் துணியை நீக்கித் தட்டை எடுத்தார். அதற்குப் பிறகுதான் அடுப்பு மூட்டினேன்.

ஆக, நான் இனி உனக்கு அண்ணி மட்டுமில்லை, நாத்தனாரும்தான். அண்ணியிடம் கோபித்துக்கொண்டு காரணம் சொல்லாமல் போகலாம். நாத்தனாரிடம் அது நடக்காது, தேடிக்கொண்டு வருவேன்.

செப்டம்பரில் இருவரும் வருகிறோம். அவர் பெண் வீட்டுப் பக்கம் உட்காருவார். நான் என் தம்பி பக்கம்.

எஸ்நாத்

&nbsp;

கசாமா
21 அக்டோபர் 2003

அன்புத் தங்கை லோம்பேக்கும் மச்சான் கபாசோவுக்கும்,

முபாங்கா எழுதுவது. நான் மட்டும் சௌக்கியமாக வந்து சேர்ந்தேன்.

கல்யாணச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெண் எடுத்த வீட்டிலேயே பெண் கொடுத்தாயிற்று என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாலுமினோ அம்மா இருட்டிய பிறகும் கதவைப் பூட்டாததை நானே சாட்சியாக நின்று பார்த்தேன். ஜெரேயின் நடனத்தை மறக்க முயல்கிறேன்.

விஷயம் என்னவென்றால், அண்ணி "ரெண்டு நாள் தம்பி வீட்டுல இருந்துட்டு வரேன்" என்று சொல்லி என்னை ரயிலேற்றினாள். மூன்று வாரமாகிறது. நான் கிண்டும் களியைக் கோழி கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. மழைக்கு முன்னால் கொல்லையைக் கொத்த வேண்டும். அவளைத் தயவுசெய்து பஸ் ஏற்றி அனுப்பவும்.

பசியோடு
அண்ணன்

&nbsp;

சாவாமா, லுசாக்கா
2 நவம்பர் 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை லோம்பேயின் வணக்கம். உங்கள் மச்சானும் வணங்குகிறார், கடையில் கூட்டம் நன்றாக இருக்கிறது. மேலே முகவரி மாறியிருப்பதைக் கவனியுங்கள். இது நாங்கள் இருவர் மட்டும் எடுத்த வீடு. ஓர் அறை, ஒரு ஜன்னல், முன்னால் பாய் விரிக்கும் அளவு இடம். ஜன்னல் சந்துப் பக்கம்.

அண்ணி சுகம். இந்தச் சந்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் நாத்தனார் ஆகிவிட்டார். என் காலர் தைக்கும் லட்சணத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பிரித்துத் தானே தைக்கிறார். எங்களுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு சண்டை. நான் எங்கும் போகவில்லை, அவரும் போகவில்லை.

உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தேன். கபாசோ சவரக்கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு, "எங்க அக்கா பொறந்த வீட்டுல இருக்காங்க. சும்மா பஸ்ஸுல ஏத்தி அனுப்பற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது. மச்சான் முறையா ஆள் அனுப்பட்டும், பாக்கலாம்" என்றார். அண்ணி பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

அதனால் அண்ணா, நீங்களே வாருங்கள். வாசலில் நின்று கூப்பிடுங்கள். இந்தத் தடவை டீயோடு விடமாட்டோம், இரண்டு நாள் தங்கித்தான் போக வேண்டும். இடம் இருக்கிறது.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
லோம்பே